முடிவிலா நதியும் முற்றுப்பெறாத இசையும்

மறைந்தவர் விட்டுச்சென்ற ஏட்டைத் திறக்கும்பொழுது கை சிறிது நடுங்கவே செய்யும். கிடைத்ததை அப்படியே வெளியிடுவதா, விடுபட்டதை நிரப்பி வெளியிடுவதா, அன்றிப் பெட்டியிலேயே இருக்க விடுவதா என்னும் வினா பதிப்புத்தொழில் புரிந்தோர் அனைவரையும் வருத்தியதொன்று. அவ்வினா சென்ற மாதம் என் வீட்டு வாயிலுக்கும் வந்தது. என்னுடன் இருபதாண்டுகள் கற்பித்து மறைந்த நண்பர் ஒருவரின் நான்கு கவிதைக் குறிப்பேடுகளை அவருடைய துணைவியார் கொணர்ந்து, "பண்டிதர் ஐயா, நீங்கள்தான் இதை முடிச்சுப் புத்தகமாக்கித் தரவேணும்" என்றார். பெரும்பாலானவை பாதிப் பாட்டுக்கள். சில முதலடியோடு நின்றவை.

அவ்வேடுகளோடு நான் மல்லாடுவதைக் கண்ட என் மகன், "அப்பா, இதை ஒருக்காக் கேட்டுப்பாருங்கோ. உங்கட கதைதான் இதிலயும் இருக்கு" என்று ஓர் இசைத்தொகுப்பை ஒலிக்கவிட்டான். பிங்க் புளொய்ட் என்னும் ஆங்கில றொக் இசைக்குழுவினர் 2014 நவம்பரில் வெளியிட்ட "த என்ட்லெஸ் றிவர்" அது. முடிவிலா நதி என்பது பொருள்.

இக்குழு 1965 இல் லண்டனில் தோன்றியது. 1973 இல் வெளிவந்த "த டாக் சைட் ஒவ் த மூன்" என்னும் தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 740 வாரங்களுக்கு மேல் இடம்பெற்றது. றொஜர் வாட்டேர்ஸ், டேவிட் கில்மோர், நிக் மேசன், றிச்சட் றைற் ஆகிய நால்வரும் கூடியிருந்த காலம் அது. புகழ் பெரும்பாலும் முதலிருவரையே சார்ந்தது. விசைப்பலகை வாசித்த றைற் ஒதுங்கி நிற்கும் இயல்பினர். ஆயினும், 1971 இல் வந்த "எக்கோஸ்" என்னும் 23 நிமிடப் படைப்பைத் தொடக்கிவைப்பது அவருடைய பியானோவின் ஒற்றைச் சுரமே. ஆழ்கிணற்றில் வீழ்ந்த துளிபோல அது ஒலிக்கும். பின்னர் வருவன யாவும் அத்துளியினின்றே விரியும்.

வாட்டேர்ஸ் 1985 இல் விலகினார். எஞ்சிய மூவரும் 1993, 1994 ஆம் ஆண்டுகளிற் கூடி வாசித்தவற்றுள் தேர்ந்தவை "த டிவிஷன் பெல்" என வெளிவந்தன. ஏனையவை உறங்கின. 2008 செப்டெம்பர் 15 இல் றைற் காலமானார். பின்னர் கில்மோரும் மேசனும், இருபது மணி நேரத்துக்கு மேற்பட்ட அப்பழைய பதிவுகளைத் திறந்து, தம் புதிய வாசிப்பையும் சேர்த்து, மறைந்த தோழருக்குக் காணிக்கையாக இத்தொகுப்பை ஆக்கினர்.

நோக்கம் தூயது. அதனாற்றான் குறைகூற நா எழவில்லை. ஆயினும் கூறத்தான் வேண்டும். 53 நிமிடங்களில் 18 துண்டுகள். பாடற்சொற்கள் அமைந்தது ஒன்றே, அதுவும் இறுதியில். பல துண்டுகள் இரண்டு நிமிடத்தையும் எட்டாமல் அடுத்ததிற் கரைகின்றன. ஒரு சுரவரிசை எழுகின்றது. இனி ஏதோ நிகழும் எனச் செவி கூர்மையுறுகின்றது. ஒன்றும் நிகழாமலே அது மறைகின்றது. சில இடங்களில் இவர்களே 1975 இலும் 1979 இலும் ஆக்கியவற்றின் நிழல் தெரிகின்றது. பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் இத்தொகுப்பு முதலிடம் பெற்றது உண்மை. பற்று வாங்கியது, செவி நிறைந்ததா என்பது வேறு வினா.

குறை எங்குள்ளது? உ. வே. சாமிநாதையர் 1894 இல் வெளியிட்ட புறநானூற்றை நினைத்துக்கொண்டேன். ஏடு சிதைந்த இடங்கள் அங்கே சிதைந்தவையாகவே நிற்கின்றன. யாப்பு வழுவாமல் அவற்றை நிரப்பும் புலமை ஐயருக்கு இல்லையா? இருந்தும் அவர் நிரப்பவில்லை. ஆகவே நாம் இழந்ததன் அளவை அவ்வெற்றிடமே நமக்கு உணர்த்துகின்றது. இங்கோ வெற்றிடங்களெல்லாம் இனிய ஒலியால் மெழுகப்பட்டுவிட்டன. இஃது ஏட்டுப் பதிப்புமன்று, புதிய படைப்புமன்று.

இதனைச் சொன்னபொழுது மகன் உடன்படவில்லை. "அப்பா, அவையள் பதிப்பாசிரியர் இல்லை, கூட்டாளியள். செத்துப்போன சினேகிதனோட கடைசியா ஒருக்கா வாசிக்க ஆசைப்பட்டிச்சினம். அது பிழையோ?" என்றான். பிழையன்று. அவன் சொல் என்னைச் சிறிது நேரம் வாய் அடைக்கச் செய்தது. நண்பரின் பாட்டொன்றைத் தொடர்ந்து எழுதும்பொழுது நானும் அவரோடு உரையாடுவதாகவே உணர்ந்தேன். ஆனால் அந்த இன்பம் எனக்குரியது, படிப்போருக்கு உரியதன்று.

தொகுப்பின் நடுவே ஓரிடம் என்னை உலுக்கியது. 1969 இல், இருபத்தைந்து வயது இளைஞராகிய றைற், லண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தின் பேரோகன் வாத்தியத்தில் வாசித்தது, "ஓட்டம் சிக்ஸ்ரி எயிற்" என்னும் பெயரில் அங்கே வருகின்றது. ஏறக்குறைய ஒன்றரை நிமிடமே. அங்கு மட்டும் ஆளை நேரே கண்டேன்.

தொகுப்பின் முதலாம் துண்டுக்குச் "சொல்லாது விட்டவை" எனப் பொருள்படும் பெயரிட்டிருக்கிறார்கள். பெயர் மிகப் பொருத்தமானது. விட்டவற்றை விட்டபடியே விட்டிருந்தால் தொகுப்பும் பொருத்தமாக அமைந்திருக்கும்.

மறுநாள் நண்பரின் ஏடுகளில் நான் பென்சிலால் எழுதியிருந்த அடிகளை ஒவ்வொன்றாக அழித்தேன். நூல் வரும். பாதிப் பாட்டுக்கள் பாதியாகவே வரும். அம்மையாரிடம் இதனைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "அவரும் பாதியிலதானே போனவர்" என்றார்.