அயல்நாட்டில் கடவுச்சீட்டு தொலைதலும் விசாக் காலம் கடத்தலும்

அயல்நாட்டுக்குச் சென்ற ஒருவர், அந்நாடு அனுமதித்த நாள் முடிந்த பின்னும் அங்கேயே இருப்பது விசாக் காலம் கடந்த தங்கல் எனப்படும். அந்த நிலையில் கடவுச்சீட்டும் (பாஸ்போர்ட்) கையில் இல்லாமற் போனால் அவர் ஊர் திரும்ப இரண்டு அரசுகளின் உதவி தேவைப்படும். செம்பரம்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை பழகிய வெல்டர்கள், பிட்டர்கள், ஓட்டுநர்கள் பலர் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் செல்கின்றனர். அதே தொழிற்சாலைகளுக்குக் கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பொறியாளர்கள் வருகின்றனர். ஆகவே இந்தச் செய்தி இரு வகையிலும் இப்பகுதிக்கு உரியது.

இரண்டும் ஒரே சிக்கல் அல்ல

கடவுச்சீட்டு, அதை வழங்கிய அரசின் சொத்து. 1967ஆம் ஆண்டின் இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டம் 17ஆம் பிரிவில் இதைத் தெளிவாகக் கூறுகிறது. விசாவோ சென்ற நாட்டின் அனுமதி. தொலைந்த கடவுச்சீட்டுக்கு மாற்று ஆவணம் தருவது இந்தியத் தூதரகத்தின் வேலை. நாள் கடந்ததற்கு அபராதம் விதிப்பதும், குறைப்பதும், வெளியேற அனுமதிப்பதும் அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் வேலை. "தூதரகத்துக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நம்புவோரும் உண்டு. "தூதரகத்துக்குப் போனால் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள்" என்று அஞ்சுவோரும் உண்டு. இரண்டும் தவறு. இரண்டாவது தவறுதான் அதிகக் கேடு செய்கிறது. ஒளிந்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் ஏறிக்கொண்டே போகும்.

வேலை கொடுத்தவர் கடவுச்சீட்டை வாங்கிப் பூட்டி வைப்பதும் வளைகுடாவில் நெடுங்காலமாகக் காணப்படும் பழக்கம். சட்டப்படி அது அவருடைய பொருள் அல்ல. தம்மிடம் இருப்பதை அவர் கொடுக்க மறுத்தால், "தொலைந்துவிட்டது" என்று பொய்ப் புகார் கொடுக்காமல், முதலாளி வைத்துக்கொண்டு தர மறுக்கிறார் என்றே தூதரகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பொய்ப் புகார் பின்னால் புகார் கொடுத்தவரையே சுற்றிக்கொள்ளும்.

நாள் கடப்பது எப்படி

வேண்டுமென்றே தங்குவோர் ஒரு பகுதியினரே. விசாவில் அச்சிட்டிருக்கும் தேதியைத் தங்கும் கெடு என்று தவறாகப் படிப்போர் பலர். அந்தத் தேதி பெரும்பாலும் நாட்டுக்குள் நுழைவதற்கான கடைசி நாளையே குறிக்கும். எத்தனை நாள் தங்கலாம் என்பதை நுழையும்போது இடப்படும் முத்திரையோ பதிவோ தீர்மானிக்கும். அமெரிக்காவில் ஐ-94 என்னும் வருகைப் பதிவில் உள்ள தேதிதான் கெடு. ஐந்தாண்டு, பத்தாண்டு விசா இருப்பதால் அதற்கு மேல் தங்கிவிட முடியாது.

இன்னொரு வகையினர் ஏமாற்றப்பட்டவர்கள். வேலை விசா பின்னால் மாற்றித் தரப்படும் என்று சொல்லிச் சுற்றுலா விசாவில் அனுப்பப்படுகிறார்கள். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை 30 நாள் வரை விசா இன்றி அனுமதித்தது. அது சுற்றிப் பார்க்க வருவோருக்கான சலுகை. அதில் சென்று வேலை செய்வது முதல் நாளிலிருந்தே விதிமீறல். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் கடவுச்சீட்டு பொதுவாக 'குடிபெயர்வுச் சரிபார்ப்புத் தேவை' என்னும் வகையில் வரும். அவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலரின் ஒப்புதல் பெற வேண்டும். சுற்றுலா விசாவில் அனுப்பும் முகவர் தவிர்க்க விரும்புவது இந்தச் சரிபார்ப்பைத்தான். பள்ளிக்குப் பழைய மதிப்பெண் சான்றிதழின் நகல் கேட்டு வந்த முன்னாள் மாணவர்கள் பலர் கடவுச்சீட்டு வேலையாகவே வந்தார்கள். அந்த ஒரு தாளின் மதிப்பு அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும். லட்சக் கணக்கில் கேட்பவரிடம் பதிவு எண் கேட்டாலே பாதி உண்மை வெளிவந்துவிடும். இ-மைகிரேட் இணையதளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம்.

கடவுச்சீட்டு தொலைந்தால்

முதலில் அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் அளித்து அதன் படியை வாங்க வேண்டும். அடுத்து இந்தியத் தூதரகம் அல்லது துணைத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அங்கு இரண்டு வழிகள் உண்டு. விசா செல்லுபடியாகி, தொடர்ந்து அந்நாட்டில் இருக்க உரிமை உள்ளவர் புதிய கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். உரிமை முடிந்தவருக்கும் உடனே ஊர் திரும்ப வேண்டியவருக்கும் அவசரச் சான்றிதழ் (எமர்ஜென்சி சர்டிபிகேட்) தரப்படும். இது இந்தியாவுக்கு ஒருமுறை திரும்புவதற்கு மட்டுமே பயன்படும். வேறு நாட்டுக்குச் செல்ல உதவாது.

சான்றிதழ் தருமுன் விண்ணப்பித்தவர் இந்தியர்தானா என்று தூதரகம் உறுதி செய்துகொள்ளும். பழைய கடவுச்சீட்டின் எண்ணோ நகலோ இருந்தால் பதிவேட்டில் பார்த்து விரைவில் முடித்துவிடுவார்கள். எதுவும் இல்லையென்றால் இந்தியாவிலிருந்து விவரம் வரும்வரை காத்திருக்க நேரும். கடவுச்சீட்டின் முதல், கடைசிப் பக்கங்களையும் விசா பக்கத்தையும் நகலெடுத்து வீட்டில் அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுத்துவிட்டுப் போவது இதற்காகத்தான்.

தொலைந்ததாகப் பதிவு செய்த கடவுச்சீட்டு செல்லாததாகிவிடும். அந்த விவரம் இன்டர்போலின் தொலைந்த ஆவணப் பட்டியலுக்கும் போகக்கூடும். மறுநாளே பெட்டியின் அடியில் அது கிடைத்தாலும் அதை வைத்துப் பயணம் செய்யக் கூடாது. விமான நிலையத்தில் நிறுத்தப்படுவார்கள்.

வெளியேறும் அனுமதி

அவசரச் சான்றிதழ் கைக்கு வந்ததும் பலர் விமானச் சீட்டு எடுத்துவிடுகிறார்கள். அது பாதி வேலைதான். நுழைவு முத்திரை பழைய கடவுச்சீட்டோடு போய்விட்டது. எனவே அந்நாட்டுக் குடிநுழைவுத் துறை தன் பதிவேட்டில் பார்த்து, கடந்த நாளைக் கணக்கிட்டு, அபராதம் பெற்று, வெளியேற அனுமதி தர வேண்டும். வழக்கோ கடனோ, 'ஓடிப்போனவர்' என்று முதலாளி கொடுத்த புகாரோ நிலுவையில் இருந்தால் அவற்றை முதலில் தீர்க்க வேண்டும்.

அபராதத்தின் அளவு நாட்டுக்கு நாடு வேறுபடும். ஐக்கிய அரபு அமீரகத்தில் நாளொன்றுக்கு 50 திர்ஹம். 300 நாள் கடந்தவருக்கு 15,000 திர்ஹம். நம் பணத்தில் மூன்று லட்சத்துக்கு மேல். தாய்லாந்தில் நாளுக்கு 500 பாட், உச்சம் 20,000 பாட். அங்கே தாமாக வந்து 90 நாளுக்கு மேல் கடந்ததை ஒப்புக்கொள்பவருக்கு ஓராண்டு நுழைவுத் தடை. ஓராண்டுக்குள் கடந்திருந்தாலும் பிடிபட்டவருக்கு ஐந்தாண்டு. சிங்கப்பூரில் 90 நாளுக்கு மேல் கடந்த ஆண்களுக்குச் சிறையோடு பிரம்படியும் சட்டத்தில் உண்டு. அமெரிக்காவில் 180 நாள் கடந்து வெளியேறினால் மூன்றாண்டும், ஓராண்டு கடந்தால் பத்தாண்டும் திரும்ப நுழைய முடியாது.

அவ்வப்போது பொதுமன்னிப்பும் அறிவிக்கப்படும். சவூதி அரேபியா 2013இலும் 2017இலும், குவைத் 2018இலும் 2024இலும் அறிவித்தன. அமீரகம் 2024 செப்டம்பர் 1இல் தொடங்கிய திட்டத்தை டிசம்பர் 31 வரை நீட்டித்தது. அதில் அபராதம் தள்ளுபடியானது. வெளியேறியவர்களுக்கு நுழைவுத் தடையும் விதிக்கப்படவில்லை. மலேசியாவின் 2024ஆம் ஆண்டுத் திட்டத்தில் காலம் கடந்தவர் 500 ரிங்கிட் தண்டத்தொகை கட்டி வெளியேற முடிந்தது. ஆனால் அடுத்த மன்னிப்பு எப்போது வரும் என்று ஒளிந்து காத்திருப்பது லாட்டரிச் சீட்டு வாங்குவது போன்றது.

கையில் பணமே இல்லாதவருக்கு 2009இல் தொடங்கிய இந்தியச் சமுதாய நல நிதி இருக்கிறது. தங்குமிடம், விமானக் கட்டணம், தொழிலாளி மீது தவறில்லாதபோது சிறு அபராதங்கள் ஆகியவற்றுக்குத் தூதரகங்கள் இதிலிருந்து செலவிடலாம். 2015 முதல் 'மதத்' என்னும் இணையதளத்தில் ஊரிலுள்ள குடும்பத்தாரும் புகார் பதிய முடிகிறது. தமிழக அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையையும் அணுகலாம்.

மியாவடியில் சிக்கியவர்கள்

2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்ற விளம்பரத்தை நம்பிச் சென்ற இளைஞர்கள் பாங்காக்கிலிருந்து மே சோட் எல்லைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஆற்றைக் கடத்தி மியான்மரின் மியாவடியில் விடப்பட்டனர். கடவுச்சீட்டும் கைப்பேசியும் பறிக்கப்பட்டன. இணைய மோசடி செய்யும்படி வதைக்கப்பட்டனர். ஏறத்தாழ 300 இந்தியர்கள், அவர்களில் 50 பேர் வரை தமிழர்கள், அங்கு சிக்கியிருப்பதாகத் தமிழக முதலமைச்சர் அந்தச் செப்டம்பரில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். வெளியுறவு அமைச்சகம் 24ஆம் தேதி எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபர் தொடக்கத்தில் 13 தமிழர்கள் சென்னை வந்து சேர்ந்தனர்.

இவர்களின் சட்ட நிலை விந்தையானது. தாய்லாந்திலிருந்து வெளியேறிய முத்திரை இல்லை. ஏட்டின்படி அவர்கள் அங்கேதான் இருந்தார்கள், நாளும் கடந்துகொண்டிருந்தது. மியான்மரில் நுழைந்த முத்திரையும் இல்லை. அங்கே அவர்கள் கள்ளத்தனமாக நுழைந்தவர்கள். ஏமாற்றப்பட்டவரே இரு நாடுகளில் குற்றவாளி ஆனார். இந்த மோசடி அத்துடன் நிற்கவில்லை: 2025 மார்ச்சில் இரண்டு நாள்களில் 549 இந்தியர்கள் விமானப்படை விமானங்களில் மே சோட்டிலிருந்து அழைத்து வரப்பட்டனர்.

இங்கு வந்திருக்கும் அயல்நாட்டவர்

திருப்பெரும்புதூரில் பணிபுரியும் கொரியர் ஒருவர் கடவுச்சீட்டைத் தொலைத்தாலும் வழி இதேதான். உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார், சென்னையிலுள்ள தம் நாட்டுத் துணைத் தூதரகத்தில் மாற்று ஆவணம், பிறகு இ-எப்.ஆர்.ஆர்.ஓ. இணையதளத்தின் வழியே வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் விசா மாற்றமோ வெளியேறும் அனுமதியோ. 2025 செப்டம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவு மற்றும் வெளிநாட்டவர் சட்டப்படி இந்தியாவில் காலம் கடந்து தங்குவோருக்கு மூன்றாண்டு வரை சிறை, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அவர்களுக்கு அறை கொடுப்போர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரகடம் பக்கம் வீட்டின் மாடியை வாடகைக்கு விடுவோரில் பலர் இந்த விதி விடுதிகளுக்கு மட்டும்தான் என்று நினைக்கின்றனர்.

திரும்பிய பிறகு

அவசரச் சான்றிதழின் பயன் இந்திய விமான நிலையத்தோடு முடிந்துவிடும். புதிய கடவுச்சீட்டுக்கு, தொலைந்ததற்கு மாற்று என்று குறிப்பிட்டு விண்ணப்பிக்க வேண்டும். வழக்கமான 36 பக்கக் கடவுச்சீட்டுக்கு 1,500 ரூபாய் என்றால், தொலைந்ததற்கு மாற்றாகப் பெறும்போது 3,000 ரூபாய். அயல்நாட்டுக் காவல் நிலையத்துப் புகாரின் படி, அவசரச் சான்றிதழின் நகல், அபராதம் கட்டிய ரசீது ஆகிய மூன்றையும் எடுத்து வந்திருந்தால் விளக்கம் சொல்வது எளிது. பின்னொரு நாள் வேறு விசா விண்ணப்பத்தில் "முன்பு எங்கேனும் காலம் கடந்து தங்கியதுண்டா?" என்ற கேள்வி வரும்போதும் இதே ரசீதைத்தான் தேட வேண்டியிருக்கும்.