உங்களுக்குத் தெரியுமா? தூக்கத்தில் வந்த பக்கவாதத்துக்கும் ஊசி உண்டு!

மூளை ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ‘ஆல்டிபிளேஸ்’ ஊசியைப் பக்கவாதம் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆனால், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கண் விழிக்கும்போதுதான் கை, கால் விழுந்திருப்பதே தெரிகிறது. எப்போது தொடங்கியது என்று யார் சொல்வது? படுக்கப் போன நேரத்தையே கணக்கில் கொண்டு, இவர்களுக்கு நெடுங்காலம் அந்த ஊசியைப் போடாமலே விட்டார்கள். வேதனையான நிலை அது.

அதை மாற்றியது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். ரத்தம் கிடைக்காத மூளைப்பகுதி ‘டிஃப்யூஷன்’ படத்தில் சில நிமிடங்களிலேயே தெரியும். ‘ஃபிளேர்’ படத்தில் தெளிவாகத் தெரியச் சில மணி நேரம் ஆகும். முதல் படத்தில் தெரிந்து, இரண்டாவதில் தெரியாவிட்டால், பாதிப்பு பெரும்பாலும் புதிது. ஜெர்மனியின் ஹாம்பர்க் மருத்துவர்கள் வழிநடத்திய ‘வேக்-அப்’ ஆய்வு (2018) ஸ்கேனில் இப்படித் தெரிந்த 503 பேரிடம் ஊசியைச் சோதித்தது. 90 நாட்களுக்குப் பின், ஊசி பெற்றவர்களில் 53.3 சதவீதம் பேர் நன்கு தேறியிருந்தனர். மருந்தில்லாத போலி ஊசி பெற்றவர்களில் 41.8 சதவீதம். மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து ஊசியால் கூடுவதால், எல்லோருக்கும் இது பொருந்தாது.

காலையில் வாய் கோணியிருந்தாலோ, பேச்சு குழறினாலோ, ‘ராத்திரியே வந்திருக்கும், இனி என்ன செய்ய’ என்று இருந்துவிடாதீர்கள். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள்.