கழிவுநீர்ச் சுமையைக் கணக்கிடும் முறை

பாதாளச் சாக்கடை அமைக்க முற்படும் ஊராட்சிகளில் குழாயின் அளவைப் பற்றியே பெரிதும் விவாதிக்கக் காண்கிறோம். எந்தக் குழியில் எவ்வளவு கழிவுநீர் வந்து சேரும் என்பதே நாம் முதலில் அறிய வேண்டுவதாகும்.

கணக்கு எளிதே. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் வகுத்த குடிநீர் அளவு ஆளொன்றுக்கு நாள்தோறும் 55 லிட்டர். அதில் சுமார் 80 விழுக்காடு, அதாவது 44 லிட்டர், கழிவுநீராகும் எனக் கொள்வோம். 500 பேர் வாழும் பகுதியில் நாளொன்றுக்கு 22,000 லிட்டர்; சராசரியாக மணிக்கு 917 லிட்டர். ஆயினும் காலையில் எல்லா வீடுகளிலும் ஒருசேர நீர் புழங்குவதால், சிற்றூர்களுக்கு உச்ச அளவை மும்மடங்காக, மணிக்குச் சுமார் 2,750 லிட்டராகக் கொள்வது வழக்கம்.

பொறியாளர் இச்சுமையைக் கணிப்பொறியில் ஒவ்வோர் ஆளிறங்கு குழிக்கும் பகிர்ந்தளிக்கிறார். மொத்தத்தை எல்லாக் குழிகளுக்கும் சமமாகப் பங்கிடுதல் தவறு. மாணவர் விடுதியின் நீர் சேரும் குழியும் நான்கு வீட்டு நீர் சேரும் குழியும் ஒன்றாகா. விடுதியின் சுமை ஏட்டில் குறைந்துவிட்டால், பின்னர்ப் பள்ளத் தெருவில் கழிவுநீர் பொங்கி வழியும். துன்புறுவோர் அத்தெரு மக்களே.

இவ்விவரம் கணிப்பொறிக்குத் தானாகத் தெரியாது, ஊராருக்கே தெரியும். ஆகவே எவ்வீட்டு நீர் எக்குழியில் சேரும், விடுதி, உணவகம், திருமண மண்டபம் எங்குள்ளன என்பதை மன்ற உறுப்பினர்கள் தெருவாரியாகக் குறித்து, வரைபடம் முடியுமுன் பொறியாளரிடம் அளித்தல் வேண்டும். கூரை மழைநீரை இக்குழாயில் விடாமலும் காப்போமாக. அது கணக்கில் சேராத சுமையாகும்.