கரண்ட் வருது, வண்டி எடுக்கலையே!

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குக் கூட்டம் குவியும் நாளில் ஓர் ஆட்டோ நின்றுபோனால் ஓட்டுநருக்கு அன்றைய வருமானம் போச்சு. அதுவும் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி என்றால் கைலீவரை மேலே இழுத்து இழுத்தே தோள்பட்டை விட்டுப்போகும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பளிச்சென்று பொறி அடிக்கிறது. பெட்ரோலும் வருகிறது. வண்டி மட்டும் எடுக்காது. "டைமிங் அவுட்டு அண்ணாச்சி" என்று மெக்கானிக் சொல்வது இந்தக் கட்டத்தில்தான்.

பொறி விழுந்தால் மட்டும் போதாது, விழ வேண்டிய நேரத்தில் விழ வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்பே, கிராங்க் சுற்றுக் கணக்கில் ஏறத்தாழ 20 டிகிரிக்கு முன்பே, அது விழுந்தாக வேண்டும். பற்றிய தீ கலவை முழுக்கப் பரவ அவ்வளவு அவகாசம் தேவை. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் இன்ஜினில் அந்த அவகாசம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். பொறி பிந்தினால் வெப்பமெல்லாம் சைலன்சர் வழியே வீணாகும். ரொம்ப முந்தினாலோ, நம்மை நோக்கி வரும் ஊஞ்சலை எதிரே நின்று தள்ளிய கதைதான்: மேலேறும் பிஸ்டனை வெடிப்பு கீழே உதைக்கும், லீவர் கையை வெடுக்கென்று இழுக்கும்.

இந்தப் பொறிக்கு பேட்டரி வேண்டாம் என்பது எனக்கு இன்னும் வியப்புதான். ஃபிளைவீலில் பதித்த காந்தங்கள் காயிலைக் கடந்து சுழல, மின்சாரம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்ட தத்துவம் இது. மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும்போது பாயிண்ட் என்னும் தொடுமுனை திறந்து அதைத் துண்டிக்கிறது. காந்தப்புலம் சட்டென்று சரிய, 10,000 வோல்ட்டையும் தாண்டிய அழுத்தம் பிளக் முனையில் பொறியாகப் பாய்கிறது. பாயிண்டிலேயே பொறி அடித்து வீணாகாமல் காப்பது கண்டென்சர். இப்படிக் காந்தத்தால் பொறி தரும் அமைப்புக்கு மேக்னெட்டோ என்று பெயர். ராபர்ட் பாஷ் 1897இல் முதன்முதலாக ஒரு வண்டியில் அதைப் பொருத்தினார். அந்த வண்டி ஒரு டி தியோன் மூன்று சக்கர வண்டி!

ஆக, பொறி எப்போது என்பதைத் தீர்மானிப்பது பாயிண்ட் திறக்கும் கணம். திறந்த பாயிண்டின் இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இராது. பாயிண்டைத் திறந்துவிடும் கேமில் உரசும் ஃபைபர் தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்வாங்கும். அதனால்தான் முதலில் இடைவெளி, அப்புறம்தான் டைமிங். வரிசை மாறினால் செய்த வேலையை மறுபடி செய்ய வேண்டியதுதான்.

கைதேர்ந்த மெக்கானிக்குக்குக் கருவிகூட வேண்டாம். பாயிண்டுக்கு நடுவே சிகரெட் தாள் போன்ற மெல்லிய தாளைச் செருகி, விரலால் லேசாக இழுத்தபடி ஃபிளைவீலை மெதுவாகத் திருப்புவார். தாள் பிடி விட்டு நழுவும் இடம்தான் பொறி விழும் இடம். அப்போது டைமிங் குறிகள் நேராக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பாயிண்ட் பொருத்திய ஸ்டேட்டர் பிளேட்டின் திருகுகளைத் தளர்த்தி, தட்டை ஓர் இழை நகர்த்தி மறுபடி தாளைச் செருகுவார். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கை விரல் நுனியால் அளக்கும் வித்தை இது.

குறிகள் சரியாக இருந்தும் ஏமாற்றும் கோளாறு ஒன்று உண்டு. கிராங்கில் ஃபிளைவீலை இடம் மாறாமல் நிறுத்துவது அரைநிலா வடிவக் கீ ஒன்று. நட் தளர்ந்தால் அது வெட்டுப்படும், ஃபிளைவீல் சற்றே நழுவும். ஃபிளைவீலில் உள்ள குறி அதன்பின் பிஸ்டனின் உண்மையான நிலையைக் காட்டாது. பிளக் துளை வழியே பிஸ்டனின் உச்சியைப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். சிடிஐ என்னும் மின்னணுப் பற்றவைப்பு வைத்த வண்டிகளில் பாயிண்ட் கிடையாது. ஆனால் இந்தக் கீ அவற்றிலும் உண்டு. ஆகவே, பொறியும் பெட்ரோலும் இருந்து வண்டி எடுக்கவில்லை என்றால், கார்ப்பரேட்டரைப் பிரித்துப் போடுவதற்கு முன் ஃபிளைவீலைக் கழற்றிக் கீயைப் பார்க்கச் சொல்லுங்கள்.