செத்த காலேஜும் தோட்டப்பள்ளிப் பிள்ளைகளும்

சென்னைப் பட்டணத்தில் முன்னாளில் பாமர மக்கள் இரண்டு ‘காலேஜ்’களைப் பற்றிப் பேசுவர். மிருகக்காட்சிசாலைக்கு ‘உயிர் காலேஜ்’ என்று பெயர். 1851இல் தொடங்கிய எழும்பூர்ப் பொருட்காட்சிசாலைக்குச் ‘செத்த காலேஜ்’ என்று பெயர். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அது கற்குமிடம் என்று அந்த எளிய மக்கள் சரியாகவே உணர்ந்திருந்தனர். உள்ளே சென்றால் கண்ணாடிப் பெட்டிகள் இருந்தன. பெட்டிக்குள் இருப்பது தங்களோடு என்ன தொடர்புடையது என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. ஆகவே செத்ததாயிற்று.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது நம் பள்ளிகளின் ஆண்டுச் சுற்றுலா. ஆண்டிறுதித் தேர்வு முடிந்ததும் பேருந்து பேசிப் பிள்ளைகளை நீர்விளையாட்டுப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறோம். நானும் பல ஆண்டுகள் அவ்வாறு செய்தவனே. பிள்ளைகள் மகிழ்வது நல்லதுதான். ஆனால் பணம் கட்ட இயலாத நாலைந்து பிள்ளைகள் அன்றைக்குக் ‘காய்ச்சல்’ என்று வீட்டில் நின்றுவிடுவதை எந்த ஆசிரியரும் அறிவார். சுங்கை பூலோவிலிருந்து மிகுதியாகச் செலவில்லாமல் சென்று வரக்கூடிய இடங்கள் மூன்றைச் சில ஆண்டுகளாக மாணாக்கர்க்குக் காட்டி வருகிறேன். அங்கே கண்டவற்றை ஆசிரிய அன்பர்களுக்கு விளக்குவது பயன் தரும் என்று நினைக்கிறேன்.

முதலாவது கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகம். சுங்கை பூலோவுக்கு அடுத்த ஊர்தான் கெப்போங். 1929இல் அக்கழகம் அமைந்தபோது அந்நிலம் ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளமும் மணலும் லாலாங் புல்லுமாகக் கிடந்தது. பாக்ஸ்வொர்தி என்ற வன அதிகாரியின் முயற்சியால் ஒவ்வொரு மரமாக நட்டு வளர்த்தனர். இன்று அங்கே நுழைபவர் அதை ஆதிகாலக் காடு என்றே நம்புவர். அத்தனையும் மனிதர் கையால் நட்டது. 2025ஆம் ஆண்டு ஜூலையில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பாழான நிலம் மீண்டும் காடாகக்கூடும் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடக் கண்கூடான சான்று நம் பக்கத்தில் வேறில்லை.

அங்கே ‘காப்பூர்’ மரங்கள் நிற்கும் பகுதியில் பிள்ளைகளை அண்ணாந்து பார்க்கச் சொல்வேன். அம்மரங்களின் தலைகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவே வானம் ஒரு வாய்க்கால் போல வளைந்து ஓடும். இதனை மரங்களின் கூச்சம் என்று தாவர நூலார் கூறுவர். காற்றில் கிளைகள் உரசி நுனிமொட்டுகள் தேய்வதால் இப்படி ஆகிறது என்று சிலரும், நிழலை உணர்ந்து நுனி வளராமல் நிற்கிறது என்று சிலரும் காரணம் சொல்வர்.

தமிழாசிரியருக்கு வேலை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. காப்பூர் என்பது நம் கற்பூரமே. இம்மரத்தின் வயிரத்துள் இயற்கையாகப் படிகமாய் உறைவதே பழங்காலத்தில் பொன்னுக்கு நிகராக விலைபோன பச்சைக் கற்பூரம். எல்லா மரத்திலும் அது கிடைப்பதில்லை. மரத்தைப் பிளந்து பார்த்தால்தான் தெரியும். சுமத்திராத் தீவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ் துறைமுகம் இதற்குப் பெயர் பெற்றது. அவ்வூரை அடுத்த லோபு துவாவில் 1873இல் ஒரு தமிழ்க் கல்வெட்டுக் கண்டெடுக்கப்பட்டது. அது சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088இல் ஐந்நூற்றுவர் எனப்படும் வணிகக் குழுவினர் வெட்டுவித்தது. ஊரின் பெயர் அக்கல்லில் ‘வாரோசு’ என்று வருகிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் கற்பூர வகைகளை எண்ணுமிடத்தும் வாரோசு என்ற பெயர் உண்டு. ஊரின் பெயர் சரக்கின் பெயராயிற்று; மரத்தின் பெயர் நம் பூசைத் தட்டின் பெயராயிற்று. (கற்பூரம் என்ற சொல் வடமொழியினின்று வந்தது என்றே நாம் படித்தோம். வடமொழிக்கே அது இத்தீவுகளிலிருந்து சென்றது என்பார் இன்று பலர்.) நம் கோவில்களில் இன்று எரிப்பது பெரும்பாலும் வேறு வழியில் செய்த கற்பூரம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன்.

ஒரு முறை ஐந்தாம் வகுப்புப் பெண்ணொருத்தி, “ஐயா, அப்ப நம்ப ஆளுங்க ரப்பர் மரத்துக்கு முன்னாலயே இந்த மரத்துக்கு வந்திருக்காங்களா?” என்று கேட்டாள். பயிற்சிக் கல்லூரியில் எனக்கு யாரும் கற்றுத் தராத பாடம் அக்கேள்வியில் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைக்குத் தன் வரலாறு கப்பலில் வந்து கங்காணியிடம் தொடங்குகிறது என்றே தெரியும். அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் கணக்கெழுதிய வணிகரும் தன் முன்னோரே என்று தெரியாது. இந்த இரண்டில் ஒன்றை உயர்த்தி மற்றதை ஒளிக்க வேண்டா. இரண்டும் அவளுக்கு உரியவையே.

இரண்டாவது இடத்துக்கு அழைத்துப் போகப் பெற்றோர் சிலர் முதலில் தயங்கினர். அது சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு. 1930இல் திறக்கப்பட்டபோது உலகின் பெரிய தொழுநோயாளர் குடியிருப்புகளுள் ஒன்றாக அது விளங்கியது. ஒரு காலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். சிறைக்கூடம் போலன்றி, மலைகளுக்கு நடுவே தோட்ட நகரமாக, சிறு சிறு வீடுகளும் பள்ளிக்கூடமும் சந்தையும் கோவிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் கொண்டு அமைத்தனர். 1930களில் அதற்குள் மட்டும் செல்லும் தனிப் பணநோட்டுக்கூட அச்சிட்டனர். அழகான ஊர்தான்; ஆனால் உள்ளே வந்தவர் வெளியே போக முடியாத ஊர். நோயாளரைக் கட்டாயமாகப் பிரித்து வைப்பது அன்றைய சட்டம். அங்கே பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து எடுத்துச் சென்றனர். அக்குழந்தைகளுள் சிலர் முதுமையில் வந்து பெற்றோரின் பெயரைத் தேடியதுண்டு.

மருந்து கண்டு நோய் தீர்ந்த பின்னரும் போக இடமில்லாமல் பலர் அங்கேயே தங்கிப் பூச்செடி வளர்த்துப் பிழைத்தனர். இன்று சுங்கை பூலோ என்றால் கோலாலம்பூர்க்காரர் செடி வாங்க வரும் இடம் என்றாகிவிட்டதற்கு மூலகாரணம் அவர்களே. 2007, 2008ஆம் ஆண்டுகளில் குடியிருப்பின் ஒரு பகுதி பல்கலைக்கழக மருத்துவ வளாகத்துக்காக இடிக்கப்பட்டது. எஞ்சிய பகுதியில் பழங்கதைகளைச் சொல்லும் சிறிய காட்சிக்கூடம் இருக்கிறது. நிழற்படங்களும் பழைய மருத்துவக் கருவிகளும் குடியிருந்தோர் வாய்மொழியாகச் சொன்ன வரலாறுகளும் காணலாம்.

இங்கே பிள்ளைகள் பேசாமல் நடப்பர். நானும் அதிகம் விளக்குவதில்லை. தொழுநோய் எளிதில் ஒட்டுவதன்று, இன்று முற்றும் குணமாகக்கூடியது என்பதை மட்டும் புறப்படுமுன் வகுப்பறையில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தயங்கிய பெற்றோருக்கும் அதையே சொன்னேன். அடுத்த ஆண்டு ஒரு தாயார் தாமும் உடன் வருவதாகக் கேட்டு வந்தார்.

மூன்றாவது தலைநகரின் தேசிய அரும்பொருட்காட்சிசாலை. சுங்கை பூலோவில் இரயிலேறிக் குவாசா டாமன்சாராவில் மாறினால் ‘முசியம் நெகாரா’ என்ற பெயருடைய நிலையத்திலேயே இறங்கலாம். இவ்விடத்தில் முன்னர்ச் சிலாங்கூர் பொருட்காட்சிசாலை இருந்தது. 1945 மார்ச் 10ஆம் நாள் அருகிலிருந்த இரயில் பட்டறையைக் குறிவைத்து நேச நாட்டு விமானங்கள் வீசிய குண்டில் அதன் ஒரு பகுதி அழிந்தது. 1963 ஆகஸ்டு 31இல் இப்போதைய கட்டடம் திறக்கப்பட்டது. உள்ளே நான்கு கூடங்கள். பெரியவர்கள் செய்யும் பிழை நான்கையும் ஒரே நாளில் காட்ட முயல்வது. நான் ஒரு வருகைக்கு ஒரு கூடம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். மிச்ச நேரம் அடுத்துள்ள ஏரித்தோட்டத்தில். 1888இல் வென்னிங் என்ற அதிகாரி தொடங்கிய பூங்கா அது. அதன் மரநிழலில் கட்டுச்சோற்றை அவிழ்ப்பதற்காகவே வருகிறார்கள் என்று சில பிள்ளைகளின் முகத்தில் எழுதியிருக்கும்.

கூடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அதற்கு முன் உட்கார்ந்து பத்து நிமிடம் பார்த்து, படம் வரைந்து, பிறகே விவரப் பலகையைப் படிக்கலாம். பலகையை முதலில் படித்த பிள்ளை பொருளைப் பார்ப்பதில்லை, எழுத்தைப் பகர்த்துகிறது. 1936இல் பேராக் மாநிலத்துப் பீடோர் ஈயச் சுரங்கத்தில் கிடைத்த அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலை எட்டுக் கைகளுடையது. பார்க்காமல் பகர்த்தியவர்கள் கைகளை எண்ணத் தவறியதை நான் கண்டிருக்கிறேன்.

பலகைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. தமிழில்லையே என்று குறைப்படுவதைவிட, மலாய் வாசகத்தில் தமிழ்ச் சொல் தேடும் போட்டியொன்று வைப்பேன். ‘காப்பல்’ கப்பல், ‘பெத்தி’ பெட்டி, ‘கெடாய்’ கடை, ‘மானிக்கம்’ மாணிக்கம். பத்து நிமிடத்தில் பிள்ளைகள் கூடம் முழுவதும் ஓடித் தேடுவர். காவலாளர் கண்டிப்பார் என்பதையும் முன்கூட்டியே எச்சரித்து வைக்கிறேன்.

இவற்றை முடித்த பள்ளிகள் வசதியிருந்தால் கெடாவுக்குப் போகலாம். மெர்போக்கில் 1980 முதல் இயங்கும் தொல்பொருட்காட்சிசாலையும், 1960ஐ ஒட்டி மீட்டுக் கட்டப்பட்ட புக்கிட் பத்து பகாட் சண்டியும் இருக்கின்றன. பட்டினப்பாலையின் காழகமும் இராசேந்திரன் 1025இல் படை செலுத்திய கடாரமும் இப்பகுதியே என்பது பலர் கொள்கை. அப்பள்ளத்தாக்கில் சண்டியொன்று நில மேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்டது 2013இல் வெளியாகிப் பெரிய கண்டனம் எழுந்தது. ஆயிரம் ஆண்டுக் கற்களுக்கே அந்நிலை.

கற்களைப் பற்றிப் பேச எனக்கு எவ்வளவு உரிமை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் நான் துணைத் தலைமையாசிரியராக இருந்த தோட்டப்பள்ளி, தோட்டம் விற்கப்பட்டதால் வேறிடம் பெயர்ந்தது. பழைய அலமாரியில் மாணவர் சேர்க்கைப் பதிவேடுகள் கறையான் அரித்துக் கிடந்தன. ‘கழிக்கத்தக்கவை’ என்று எழுதிய தாளில் ஒப்பமிட்டவன் நான். சில ஆண்டு கழித்து ஓர் அம்மையார் என்னைத் தேடி வந்தார். காலஞ்சென்ற அவருடைய தகப்பனார் அப்பள்ளியில் படித்தவர். பிள்ளைகளின் குடியுரிமை மனுவுக்கு, குடும்பம் இந்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்ததைக் காட்டும் ஏதேனும் ஒரு தாள் வேண்டும் என்றார். “பள்ளிக்கூடத்துல பேரு இருக்கும்னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாருங்க, ஐயா,” என்றார். இருந்தது, நான்தான் எரிக்க விட்டேன்.

சப்பான் நாட்டில் மட்சுமோட்டோ என்றொரு மலையடி நகரம் உண்டு. அதன் நகரக் காட்சிசாலை 1906இல் ஓர் ஆரம்பப்பள்ளிக் கட்டடத்தில் தொடங்கியது. அந்நகரிலேயே 1876இல் கட்டிய காயிச்சி பள்ளிக்கூடம் 1963 வரை வகுப்பு நடந்து, 1965 முதல் காட்சிசாலையாக விளங்குகிறது. பழைய பாடநூல்களையும் பள்ளித் தாள்களையும் காத்து வருகிறது. 2019இல் அதை அந்நாட்டு அரசு தேசியப் பொக்கிஷமாக அறிவித்தது. அவ்வளவு தொலைவு போக வேண்டாவென்றால் இலங்கையைப் பார்க்கலாம். கம்பளைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய லயத்தையே 2007 முதல் தொழிலாளர் அரும்பொருளகமாக வைத்திருக்கின்றனர். சட்டியும் கூடையும் கவ்வாத்துக் கத்தியும்தான் அங்கே காட்சிப்பொருள்.

சுங்கை பூலோவின் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்து மரங்களில் பெரும்பகுதி வெட்டப்பட்டு அவ்விடத்தில் புதுநகரம் எழுந்துவருகிறது. என் மாணாக்கருள் பால் வெட்டுவதைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இலர். ஆகையால் பள்ளி நூலகத்தின் பின்சுவரில் கண்ணாடிக் கதவிட்ட அலமாரி ஒன்று வைத்தோம். பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டு வந்தவை: உளிகள் மூன்று, பால் மங்குகள், ஒரு நெற்றிவிளக்கு, தோளில் தழும்பு ஏற்றிய காண்டாக் கம்பு ஒன்று. கம்பைக் கொண்டு வந்த பையனின் பாட்டி தாமே நேரில் வந்து, அதை எந்தப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்று காட்டினார். நாங்கள் தலைகீழாக வைத்திருந்தோம். அவர் சொன்னவற்றை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பக்கம் எழுதி அலமாரியின் பக்கத்தில் ஒட்டியிருக்கின்றனர்.

கீழ்த்தட்டில் இப்போதைய பள்ளியின் சேர்க்கைப் பதிவேடுகளை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து மூன்று இடங்களில் சேமித்தாயிற்று. அலமாரியின் திறவுகோல் அலுவலகத்தில் இருக்கும். பழைய மாணவர் எவரும் பள்ளி நாட்களில் வந்து தம் தந்தையார் பாட்டனார் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.