மரக்காணத்திலிருந்து காக்கிநாடாவுக்குப் படகில் போக முடியுமா?

வழக்கம்போல கொடுமுடியிலிருந்துதான் பேசறேன். இது பேசினதோட எழுத்து வடிவம். நடுவுல கரண்ட் போனது, பக்கத்து வீட்டு மாடு கத்தினது எல்லாத்தையும் வெட்டியாச்சு.

போன வருஷம் ஒரு ராத்திரி, நானும் வீட்டுக்காரியும் சாப்பிட்டுட்டு ஒரு வீடியோ பார்த்துட்டு இருந்தோம். ரிட்டயர்டு ஆன ஒரு அமெரிக்கத் தம்பதி. வேலையை விட்டாச்சு, ஒரு மோட்டார் படகு வாங்கியாச்சு, அதுலயே சமையல், அதுலயே தூக்கம். அவங்க போற வழிக்குப் பேரு ‘கிரேட் லூப்’. அட்லாண்டிக் கரையோரக் கால்வாய், ஹட்சன் ஆறு, ஈரி கால்வாய், பெரிய ஏரிகள், இல்லினாய் ஆறு, மிசிசிப்பி, அப்புறம் மெக்சிகோ வளைகுடா. இப்படி அமெரிக்காவோட கிழக்குப் பாதியை ஒரு சுத்து சுத்தி, கிளம்பின இடத்துக்கே வந்து சேரலாம். சுமார் 9,600 கிலோமீட்டர். நிதானமா போனா ஒரு வருஷம் ஆகும்.

வீடியோ முடிஞ்சதும் அவ கேட்டா: “ஏங்க, வாசல்லயே காவிரி ஓடுது. நாம இப்படிப் போக முடியாதா?”

எனக்கு நீச்சல் தெரியும். உடுமலைக்காரியான அவளுக்குத் தெரியாது. ஆனா கேள்வி கேட்டது அவதான். நான் ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்தேன். அந்த ஸ்ப்ரெட்ஷீட்தான் இந்த எபிசோட்.

முதல்ல காவிரி. 2016-ல வந்த தேசிய நீர்வழிகள் சட்டத்துல மொத்தம் 111 நீர்வழிகள் இருக்கு. அதுல காவிரி–கொள்ளிடமும் உண்டு, பவானியும் உண்டு. பார்த்ததும் ரெண்டு பேருக்கும் ஒரே குஷி. ஆனா மேப்புல விரலை வச்சு நகர்த்தினா குஷி ஊராட்சிக்கோட்டையைத் தாண்டல. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டைன்னு மின்சாரத்துக்காகக் கட்டின கதவணைகள் வரிசையா நிக்குது. கொடுமுடிக்குக் கீழே மாயனூர், முக்கொம்பு, கல்லணை. ஒவ்வொண்ணும் படகுக்கு ஒரு சுவர்தான். மேட்டூர்ல தண்ணி விடாத மாசத்துல எங்க ஊர் ஆத்துல பாறையெல்லாம் வெளியே தெரியும். எங்க அப்புச்சி பரிசல்ல அக்கரைக்குப் போய் மாடு பிடிச்சுட்டு வந்த கதையை நூறு தடவை சொல்லியிருக்கார். அது குறுக்கே போற பயணம். நெடுக்கே போக இந்த ஆறு இப்ப வழி விடாது.

சரி, கடலோரம் பார்ப்போம்னு அடுத்த ஷீட்டுக்குப் போனேன். அங்கதான் எனக்கு வெட்கமா போச்சு.

நான் மூணு வருஷம் சென்னை ஓ.எம்.ஆர்.ல வேலை பார்த்தவன். தினமும் பறக்கும் ரயில்ல திருவான்மியூர்ல இறங்கி ஷேர் ஆட்டோ பிடிப்பேன். ரயில்ல இருந்து கீழே பார்த்தா கறுப்பா ஒரு சாக்கடை, மேல ஆகாயத்தாமரை. மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் அதைக் கடந்திருக்கேன். அது பக்கிங்காம் கால்வாய். ஒரு காலத்துல விழுப்புரம் பக்கத்து மரக்காணத்துல படகு ஏறி, சென்னை வழியா, பழவேற்காடு ஏரி வழியா, ஆந்திராவுல பெத்தகஞ்சாம் வரைக்கும் இதுலயே போகலாம். அது மட்டும் சுமார் 420 கிலோமீட்டர். அங்கிருந்து கொம்மமூரு கால்வாய், கிருஷ்ணா, ஏலூரு கால்வாய், கோதாவரின்னு மாறி மாறிப் போனா காக்கிநாடா. மொத்தம் 796 கிலோமீட்டர். நானும் அவளும் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துல, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓட்டினா பத்தே நாள்.

இது 1806-ல தொடங்குது. பாசில் காக்ரேன்னு ஒரு வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்கும் வெட்டினது. அப்புறம் அரசாங்கம் எடுத்து வடக்கே நீட்டிக்கிட்டே போச்சு. 1876–78 தாது வருஷப் பஞ்சத்துல, கூலி குடுத்து ஜனங்களைக் காப்பாத்தற நிவாரண வேலையா, சென்னை நகரத்துக்குள்ள கூவத்தையும் அடையாறையும் இணைக்கிற துண்டை வெட்டினாங்க. அப்ப கவர்னரா இருந்த பக்கிங்காம் பிரபு பேரை வச்சாங்க. வெட்டினவங்க பசியோட வந்தவங்க. பேரு பிரபுவுக்குப் போச்சு.

அதுல போனது நெல், விறகு, உப்பு. ஆளுங்களும்தான். பாரதிதாசன் நண்பர்களோட சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இதுல படகுல போய், அதை ‘மாவலிபுரச் செலவு’ன்னு பாட்டாவே எழுதியிருக்கார். மோட்டார் கிடையாது. கரையில ஒருத்தர் கயிறு கட்டி இழுத்துட்டே நடப்பார். ஐ.டி. கம்பெனி கேன்டீனுக்குப் பின்னாடி ஓடற அதே தண்ணி மக்களே!

சரி, ஏன் நின்னுச்சு? நம்மள்ல நிறைய பேர் ‘ரயில் வந்துச்சு, லாரி வந்துச்சு’ன்னு ஒரே வரியில முடிச்சிடுவோம். அது உண்மைதான், ஆனா பாதி உண்மை. படகுப் பயணத்துக்கு உண்மையிலேயே என்ன வேணும்னு பார்த்தா மீதி புரியும்.

படகு முக்கியம்னு நாங்க நினைச்சோம். எது வாங்கலாம், எஞ்சின் எத்தனை குதிரைசக்தின்னு ஒரு வாரம் தேடினோம். அது வீண். முதல்ல வேணும்கிறது ஆழம். ரெண்டு பேர் தங்கற சின்னப் படகுக்கே அடிப்பாகம் தண்ணிக்குள்ள ரெண்டு மூணு அடி போகும். ஆனா 420 கிலோமீட்டர்ல ஒரே ஒரு இடத்துல ஒரு அடி தண்ணி இருந்தா, மத்த இடம் எவ்வளவு ஆழமா இருந்தும் பிரயோஜனம் இல்ல. நெட்வொர்க் வேலை பார்க்கிறவங்களுக்குத் தெரியும், நடுவுல ஒரு கேபிள் அறுந்தா போதும். பக்கிங்காம் கால்வாய் கடல் மட்டத்துக்கே வெட்டின கால்வாய். கடல் ஏத்தவற்றத்துலதான் அதுல தண்ணி ஏறும், இறங்கும். ஆறுகள் குறுக்கே வரும், மண்ணைக் கொண்டு வந்து தள்ளும். தூர் வாரிக்கிட்டே இருக்கணும். 1960-கள்லயும் 1976-லயும் வந்த புயல்கள் கரையை உடைச்சு மண்ணை நிரப்பிச்சு. திரும்பப் பழையபடி சரி பண்ணல. அவ்வளவுதான்.

அடுத்தது லாக். ரெண்டு கதவு, நடுவுல ஒரு தொட்டி. படகு உள்ளே வந்ததும் பின் கதவைச் சாத்தி, தண்ணியை ஏத்தியோ இறக்கியோ, முன்னாடி இருக்கிற மட்டத்துக்குக் கொண்டு வந்து முன் கதவைத் திறப்பாங்க. பனாமா கால்வாய்ல கப்பலுக்குப் பண்றது இதேதான். ஆறு குறுக்கிடற இடங்கள்ல, வத்தத்துல கால்வாய்த் தண்ணி வடிஞ்சு போகாம இருக்க பக்கிங்காமிலயும் லாக் கட்டியிருந்தாங்க. இங்க ஒரு விஷயம் சொல்லணும். கொள்ளிடத்துல 1836-ல முக்கொம்பு மேலணையைக் கட்டின அதே ஆர்தர் காட்டன்தான் பின்னாடி கோதாவரியில தௌலேஸ்வரம் அணையைக் கட்டினார். இந்தியாவுக்கு ரயிலை விட நீர்வழிதான் மலிவுன்னு வாதாடின மனுஷன். அதனால கோதாவரிப் பக்கம் பாசனக் கால்வாயிலயே படகுக்கும் லாக் வச்சாங்க. அணை கட்டறவர் மனசுல படகு இருந்தா அணையில வழி இருக்கும்.

மூணாவது, தலைக்கு மேல இடம். கிரேட் லூப்ல சிகாகோவுக்குத் தெற்கே தூக்க முடியாத ஒரு பாலம் இருக்கு. அதுக்கும் தண்ணிக்கும் நடுவுல சுமார் பத்தொன்பதரை அடி. அதைவிட உயரமான படகுல முழு லூப் அடிக்கவே முடியாது. படகு வாங்கறவங்க அந்த எண்ணை மனப்பாடமா வச்சிருப்பாங்க. நம்ம சென்னையில தலைக்கு மேல மட்டும் இல்ல, தண்ணிக்குள்ளயே தூண். பறக்கும் ரயில் தூண்களும் ஸ்டேஷன்களும் பல இடத்துல கால்வாய்க்குள்ளதான் நிக்குது. சில இடத்துல அகலம் பத்து மீட்டருக்கும் கீழே போயிடுச்சு. நான் மூணு வருஷம் அந்த ரயில்லதான் போனேன், அதனால ரொம்பத் திட்டவும் முடியல.

2008-ல இந்தக் கால்வாயை தேசிய நீர்வழி எண் 4-ல சேர்த்தாங்க. இன்னிக்கும் மரக்காணத்துல ஏறி காக்கிநாடாவுல இறங்க முடியாது. என் ஷீட்ல அந்தக் கட்டத்துக்குச் சிவப்பு அடிச்சேன்.

“அப்ப எங்கதாங்க போக முடியும்?”ன்னா அவ.

கேரளா. கொல்லத்திலிருந்து கோட்டப்புரம் வரைக்கும், ரெண்டு கிளைக் கால்வாயையும் சேர்த்து 205 கிலோமீட்டர். 1993-ல தேசிய நீர்வழி எண் 3 ஆச்சு. ஏறத்தாழ 2 மீட்டர் ஆழம், ராத்திரியிலும் படகு போக வழிகாட்டி விளக்கு. சொந்தப் படகு வாங்க எங்ககிட்ட காசு இல்ல. வாங்கினாலும் எஞ்சின் வச்ச படகுன்னா 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பரிசோதனை, பதிவுன்னு வேலை இருக்கு. அதனால ஈரோட்டுல ரயில் ஏறி, மூணு நாள் அரசு போக்குவரத்துப் படகுலயே தாவித் தாவிப் போறதுன்னு முடிவு பண்ணினோம். ஹவுஸ்போட் இல்லீங்க, ஸ்கூல் பசங்களும் மீன் கூடையும் ஏறற சாதாரணப் படகு.

ஆலப்புழையிலிருந்து கோட்டயம் போற படகுல ஒரு காட்சி. கோட்டயத்துக்கிட்ட கால்வாய் குறுகிடும். மேல நடைபாலம். படகு ஹார்ன் அடிக்குது, கரையில ஒருத்தர் கயித்தை இழுக்கிறார், பாலம் மேல எழும்புது, படகு போகுது, பாலம் இறங்குது, சைக்கிளோட நின்னவர் கடந்து போறார். ஸ்ப்ரெட்ஷீட்ல ‘தலைக்கு மேல இடம்’னு நான் போட்டிருந்த காலத்துக்கு விடை ஒரு மனுஷனும் ஒரு கயிறும். அவர் ஒரு நாள் வரலைன்னா அன்னிக்குப் படகு இல்ல.

மறுநாள் குமரகம்–முகம்மா. வேம்பநாட்டு ஏரி நடுவுல கரை ரெண்டும் மங்கிடும். நீச்சல் தெரியாதவ லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டு முன்னாடி போய் உட்கார்ந்தா. நீச்சல் தெரிஞ்ச நான் கம்பியை விடல. வழியில தண்ணீர்முக்கம் தடுப்பணை. குட்டநாட்டு வயலுக்குள்ள உப்புத்தண்ணி ஏறாம இருக்கக் கட்டினது. அதுலயும் படகு போக லாக் இருக்கு. நான் அதையே பார்த்துட்டு நின்னேன், அவ என்னைப் பார்த்துச் சிரிச்சா.

மூணாம் நாள் வைக்கத்திலிருந்து தவணக்கடவு. 2017-லிருந்து ‘ஆதித்யா’ங்கிற சோலார் படகு ஓடற துறை அது. சத்தமே இல்ல. ஈரோட்டுக்காரங்க வைக்கம் போயிட்டு பெரியாரையும் நாகம்மையையும் நினைக்காம வர முடியுமா? 1924-ல கோயில் தெருவுல நடக்கிற உரிமைக்காக நம்ம ஊர்த் தம்பதி ஒண்ணு இங்க வந்து போராடியிருக்கு. நாங்க வெறும் டூரிஸ்ட்.

நடுவுல ரெண்டு இடத்துல பஸ் பிடிச்சோம், அதையும் ஒத்துக்கறேன். தொடர்ச்சியா தண்ணியிலயே போகல. ஆனா ஷீட்ல முதல் தடவையா பச்சை அடிச்சேன்.

ஒண்ணு கவனிச்சேன். கிரேட் லூப்ல பல லாக்கையும் ஆழத்தையும் பார்த்துக்கிறது அமெரிக்க ராணுவத்தோட பொறியாளர் படை. கேரளாவுல தினசரிப் படகு ஓடறதால, மண் சேர்ந்தா மறுநாளே யாராவது சத்தம் போடுவாங்க. பக்கிங்காம்ல படகு நின்னதும், சத்தம் போட ஆள் இல்லாம போச்சு. எங்க டீம்லயும் யாரும் கூப்பிடாத சர்வர் எப்ப செத்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. இத்தனைக்கும் 2004 சுனாமியில அந்தக் கைவிட்ட கால்வாய்தான் பல இடத்துல அலையை வாங்கிக்கிட்டு ஊரைக் காப்பாத்துச்சு.

அடுத்து பழவேற்காடு ஏரிப் பக்கம் போலாம்னு அவ சொல்றா. அதுக்கு முன்னாடி கொடுமுடியிலயே நீச்சல் பழகறான்னு ஒப்பந்தம். அப்புச்சி கத்துக்குடுக்கறேன்னு கிளம்பிட்டார், அவருக்கு வயசு எண்பத்திரெண்டு.

உங்க வீட்டுல தாத்தா, பாட்டி, அப்புச்சி, அம்மாயி யாராவது பக்கிங்காம் கால்வாய்ல படகுல போயிருந்தா, எங்க ஏறினாங்க, எங்க இறங்கினாங்க, லாக் திறக்கிற வரைக்கும் எவ்வளவு நேரம் காத்துக்கிடந்தாங்கன்னு கேட்டு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல போடறேன்.