உப்பைக் கொடுத்து உயிரைக் காக்கும் உயிரணு

உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் ஊறப் போட்டால் சற்று நேரத்தில் பருத்துவிடுகிறது. நம் உடலின் உயிரணுக்களுக்கும் இந்த இயல்பு உண்டு. சுற்றியுள்ள நீரில் உப்பு குறைந்தால், அந்த நீர் உள்ளே புகும், உயிரணு வீங்கும். தாவர உயிரணுக்களைக் காக்க உறுதியான சுவர் உண்டு. நமக்கோ மெல்லிய சவ்வு மட்டுமே. பின் ஏன் நம் உயிரணுக்கள் வெடிப்பதில்லை?

விடை அயனிக் கால்வாய்களில் இருக்கிறது. சவ்வில் பதிந்துள்ள இப்புரதங்கள், மின்னூட்டம் கொண்ட உப்புத் துகள்களுக்கு வழிவிடும் வாயில்கள். நரம்புச் செய்தியும் இதயத் துடிப்பும் இத்தகைய வாயில்களாலேயே நடக்கின்றன. உயிரணு வீங்கியதும் குளோரைடுக்கும் பொட்டாசியத்துக்கும் உரிய வாயில்கள் திறக்கின்றன. அவை வெளியேற, நீரும் பின்தொடர்கிறது. நீரை நேரடியாக இறைத்துக் கொட்டும் பொறி நம் உயிரணுவிடம் இல்லை. தன் கையிருப்பை இழந்தே அது உயிர் பிழைக்கிறது.

இந்தக் குளோரைடு வாயில் இயங்குவதை 1980களிலேயே அறிவியலாளர்கள் அளந்துவிட்டனர். ஆனால், அதற்கு இன்றியமையாத 'எல்ஆர்ஆர்சி8ஏ' என்னும் புரதத்தை 2014இல்தான் கலிபோர்னியாவிலும் பெர்லினிலும் இருந்த இரு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன.

இது ஆய்வுக்கூடச் செய்தி மட்டுமன்று. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் நெட்டோட்டத்தில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. அளவுக்கு மீறி நீர் அருந்தியதே முக்கியக் காரணம். சோடியம் வேகமாகச் சரிந்தால் மூளை உயிரணுக்கள் ஈடுகொடுக்குமுன் வீங்கிவிடும். மண்டையோட்டுக்குள் விரிய இடமேது? தலைவலி, குழப்பம், வலிப்பு, சில வேளைகளில் மரணமும் நேரும்.

சோடியம் நாள்கணக்கில் மெல்லக் குறைந்தால், மூளை உயிரணுக்கள் உப்பையும் டாரின் போன்ற பொருள்களையும் வெளியேற்றித் தப்பித்துக்கொள்ளும். அப்போது இன்னோர் ஆபத்து காத்திருக்கிறது. மருத்துவர் அவசரப்பட்டுச் சோடியத்தை உயர்த்தினால், கையிருப்பு இழந்த உயிரணுக்கள் சட்டெனச் சுருங்கும். நரம்புகளின் உறையும் சிதையக்கூடும். அதனால்தான் இத்தகைய நோயாளிக்குச் சோடியத்தை நிதானமாக ஏற்றுகிறார்கள். கொடுத்ததைத் திரும்பச் சேர்க்க உயிரணுவுக்குக் காலம் வேண்டும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். நெட்டோட்டத்திற்குப் பெயர் கொடுத்திருக்கும் நண்பர்களே, தாகம் அறிந்து நீர் அருந்துங்கள்.